மூத்த பூனையும் தெளிந்த நீரும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை நோக்கித் தெற்கே செல்லும் பெருந்தெரு, ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக ஒடுங்கிக் கிடக்கும் மணல்நிலத்தின் மேலாகச் செல்கின்றது. கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், மாங்காடு என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோக, களுதாவளைக்கு முன்னே வருவது தேற்றாத்தீவு. ஞாயிறு கடலில் எழுவதும் வாவிக்கப்பால் படுவதும் கண்டே நம் முன்னோர் இக்கரையை எழுவான்கரை என்றும், வாவியின் மேலைக்கரையைப் படுவான்கரை என்றும் வழங்கினர். தேற்றாத்தீவு எழுவான்கரை ஊர்களுள் ஒன்று. கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயிலும் புனித யூதாததேயு திருத்தலமும் அவ்வூரை அயலவர்க்கு அறிமுகஞ் செய்துவைப்பன.

தேற்றா மரங்கள் நிறைந்திருந்தமையால் இவ்வூர் இப்பெயர் பெற்றது என்பது ஊரார் கூறும் விளக்கம். காரை மரத்தின் பெயரைக் காரைதீவு தாங்கி நிற்பது போல, தேற்றாவின் பெயரை இவ்வூர் தாங்கி நிற்கின்றது. தேற்றா மரத்தைப் பழந்தமிழர் ‘இல்லம்’ என்றும் அழைத்தனர். சிங்கள மக்கள் அதனை ‘இங்கினி’ என்பர். வடமொழியாளர் ‘கதகம்’ என்பர். இம்மரத்தின் கொட்டையை மண்குடத்தின் உட்புறத்தே தேய்த்து, அக்குடத்தில் கலங்கிய நீரை வார்த்து வைத்தால், சற்று நேரத்தில் சேறு அடியிற் படிய, நீர் தெளிந்து மேலே நிற்கும். விதையிலுள்ள சில பொருள்கள் நீரில் மிதக்கும் நுண்ணிய மண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கனக்கச் செய்தலே இதன் சூட்சுமம். சுசுருத சங்கிதை நீரைத் தெளிவிக்கும் பொருள்களை எண்ணுமிடத்துக் கதகத்தையும் எண்ணுகின்றது. பிரிவினால் அறிவு கலங்கிய பெண்ணொருத்தி தலைவனைச் சேர்ந்து தெளிவு பெற்றதற்கு, இல்லத்தின் விதையால் தெளிந்த நீரைக் கலித்தொகை உவமை கூறுகின்றது. மனுநூலோ, கதகத்தின் பெயரைச் சொன்ன மாத்திரத்தால் நீர் தெளியாது என்று நினைவூட்டுகின்றது.

‘தேற்றுதல்’ என்னும் நம் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. கலங்கிய நீரைத் தெளிவித்தல் ஒன்று. கலங்கிய உயிருக்கு ஆறுதல் அளித்தல் மற்றொன்று. நேயர்களே, இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு இவ்விரண்டும் வேண்டியிருக்கின்றன. பொருள் சிறியது போலத் தோன்றலாம்: வீட்டிலே வளர்ந்து மூப்படைந்த பூனைக்கு நேரும் சிறுநீர் நோய்கள்.

சிறிதென்று நாம் எண்ணினாலும், அப்பூனைக்கு அது உயிர்ப்பிரச்சினை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒழுங்காய் மணலைத் தோண்டி மலசலங் கழித்து மூடிவந்த பூனை, ஒருநாள் பாயை நனைக்கின்றது. மறுநாள் துணிமூட்டையை நனைக்கின்றது. இத்தகைய பூனைக்கு நம் ஊர்களில் வழங்கப்படும் தீர்ப்புகள் இரண்டு. ஒன்று விளக்குமாற்றடி. மற்றொன்று சாக்கு. சாக்கிலே கட்டிச் சந்தைப்பக்கத்திலோ, வாவிக்கப்பாலோ விட்டுவிட்டுத் திரும்புவோர் அதனைக் கொலை என்று நினைப்பதில்லை. ஆயினும் மூத்து, கண்மங்கி, நோயுற்ற பூனைக்கு அது கொலையே. குற்றஞ் செய்ததென்று நாம் தண்டிக்கும் அப்பூனை, பெரும்பாலும் நோயுற்றிருப்பதையே அவ்வாறு நமக்குத் தெரிவித்திருக்கின்றது. இதனை உணர, பூனையின் வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

வீட்டுப்பூனையின் மூதாதை, வட ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் லிபிக்கா என்னும் காட்டுப்பூனை என்பதை 2007 ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வொன்று நிலைநாட்டிற்று. எவ்விடத்தே, எக்காலத்தே அது முழுமையாக மனிதனை அண்டியது என்பது பற்றி அறிஞரிடையே வாதம் இன்னும் ஓயவில்லை. எனினும் சைப்பிரசுத் தீவில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே பூனை ஒன்றும் பேணிப் புதைக்கப்பட்டிருந்தமை 2004 ஆம் ஆண்டில் உலகறிய வெளியாயிற்று. அத்தீவிலே இயற்கையாகப் பூனை இல்லை. ஆகவே மனிதன் அதனைப் படகேற்றிக் கொண்டு சென்றிருத்தல் வேண்டும். எகிப்தியர் பூனைமுகத் தெய்வமாகிய பாஸ்தெற்றை வழிபட்டதும், வீட்டுப்பூனை இறந்தால் வீட்டார் புருவத்தை மழித்துத் துக்கங் காத்தனர் என்று எரோதோத்தசு எழுதியதும் பலர் அறிந்தவை. அவ்வாறு போற்றிப் பதனிட்டு வைத்த பூனையுடல்கள் 1890 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 19 தொன் அளவில் கப்பலேறி, லிவர்ப்பூலில் வயலுக்கு உரமாக விற்கப்பட்டன. மனிதன் பூனையைப் போற்றியதும் எறிந்ததும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள்.

இங்கு நாம் கருத்தில் வைக்கவேண்டியது, பூனை வறண்ட நிலத்து விலங்கு என்பது. தண்ணீர் அரிதாகிய நிலத்தே வாழ்ந்தமையால், உடலிலுள்ள நீரை வீணாக்காமற் காக்கும் வன்மை வாய்ந்த சிறுநீரகம் அதற்கு வாய்த்தது. மனிதனைவிடப் பன்மடங்கு செறிந்த சிறுநீரை அது கழிக்கின்றது. தாகம் எடுப்பதும் அதற்குக் குறைவு. எலியின் உடலில் நூற்றுக்கு 70 பங்கு நீரே ஆதலின், எலியைத் தின்னும் பூனைக்குத் தனியே நீர் அருந்தும் தேவை மிகச் சிறிது. மணலைத் தோண்டிக் கழித்து மூடும் பழக்கமும் அந்நிலத்தின் கொடையே. எனவே பூனையின் உடல் எலிக்கும் மணலுக்கும் ஏற்ப அமைந்தது. உலர்ந்த உணவுக்கும் சீமெந்துத் தரைக்கும் ஏற்ப அமைந்ததன்று.

தமிழர் பூனையை நெடுங்காலமாய் அறிவர். தொல்காப்பிய மரபியல், வெருகின் இளமைப்பெயர் குட்டி என்று கூறி, மூங்கா, எலி, அணில் என்பவற்றோடு அதனைச் சேர்த்து வைக்கின்றது. வெருகினைப் பூசை என்று வழங்கும் வழக்கையும் குறிக்கின்றது. மாமல்லபுரத்துப் பல்லவர் சிற்பத்திலே, பெரியோர் தவஞ்செய்யும் காட்சியின் கீழே, பின்னங்கால்களில் நின்று தவஞ்செய்யும் பூனையொன்றும் அதனைச் சூழ எலிகளும் செதுக்கப்பட்டுள்ளன. பாற்கடல் முழுவதையும் நக்கிவிடப் புகுந்த பூனையாகத் தம்மைக் கூறிக்கொண்டு கம்பர் அவையடக்கஞ் செய்தார். தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்வதுபோல இறைவனே உயிரைத் தாங்குவான் என்று தென்கலை வைணவர் சரணாகதிக்கு விளக்கங் கண்டனர். இவற்றிலெல்லாம் வெருகு, தாய்ப்பூனை, கள்ளப்பூனை வருகின்றன. மூத்த பூனை, நோயுற்ற பூனை வரவில்லை. உழைப்புத் தீர்ந்த விலங்குக்கு இலக்கியத்திலே இடங் கிடைப்பது அரிது.

நமது கரையிலே பூனை வீடேறியதற்குக் காரணம் நெல். பிள்ளையாரின் வாகனம் எலியேயாயினும், நெல்மூடையை எலி தின்பதை எக்கோயிலூராரும் விரும்பியதில்லை. ஆதலின் எலியைப் பிடிக்கக் கடுவனும் பெட்டையும் வீட்டைச் சுற்றி வளர்ந்தன. மிஞ்சிய சோறும், மீன் கழுவும்போது எறிந்த தலையும் குடலும் அவற்றுக்கு மேலதிக உணவு. வளவெல்லாம் மணல், எங்கும் தோண்டலாம். ஓலைவேலியின் ஓட்டைகள் வழியே நாலு வளவும் சுற்றலாம். பல பூனைகள் மூப்படையுமுன்னே பாம்பாலும் நாயாலும் வாகனத்தாலும் மாண்டன. ஆகவே முதுமையின் நோயைக் காணும் வாய்ப்பு நமக்குக் குறைவாக இருந்தது.

இந்நிலை மெல்ல மாறிற்று. ஓலைவேலி மதிலாயிற்று, வளவு சீமெந்தாயிற்று. பெட்டிகளிலும் பைகளிலும் வரும் உலர்ந்த பூனையுணவு கடைகளிற் கிடைக்கலாயிற்று. அதனில் நீர் நூற்றுக்குப் 10 பங்கு அளவே. கருத்தடைச் சிகிச்சையும் விசர்நோய்த் தடுப்பூசியும் பூனையின் ஆயுளை நீட்டின. பதினைந்து வயதைத் தாண்டிய பூனையை இன்று பல வீடுகளிற் காணலாம். ஆயுள் நீண்டது, அதனோடு நீர்நோயும் கூடவே வந்தது.

சிறுநீர் நோயின் வரலாறு மனிதனிடத்தே மிகப் பழையது. சுசுருதர் மூத்திரப்பைக் கல்லை அறுத்தெடுக்கும் முறையை விரித்துரைத்தார். கிரேக்க மருத்துவரின் பெயர்பெற்ற இப்போக்கிரத்தீசுச் சத்தியமோ, கல்லுக்கு அறுக்கமாட்டேன், அதனை அத்தொழிலில் வல்லோருக்கு விடுவேன் என்று உறுதி கூறச் செய்தது. நம் நாட்டு வைத்தியர்கள் நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் நெருஞ்சிலையும் சிறுபீளையையும் குடிநீராகக் காய்ச்சிக் கொடுத்தனர். சிங்களத்திற் ‘பொல்பலா’ எனப்படும் அதே சிறுபீளை, இன்றும் இலங்கை எங்கும் நீர் பிரியக் குடிக்கப்படுகின்றது. தேற்றாங்கொட்டையும் சித்த வைத்தியத்தில் நீர்நோய் மருந்துகளுள் ஒன்று. நீரைத் தெளிவிக்கும் கொட்டை உடம்பின் நீரையும் தெளிவிக்கும் என்று முன்னோர் கருதினர் போலும்.

விலங்கு வைத்தியத்தின் வரலாறு வேறு வழியிற் சென்றது. 1761 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லியோன் நகரிலே குளோட் பூர்ஜலா என்பார் முதல் மிருக வைத்தியக் கல்லூரியைத் தொடங்க அனுமதி பெற்றமைக்குக் குதிரையும் மாட்டுக் கொள்ளைநோயுமே காரணம். சென்னையிலே 1903 ஆம் ஆண்டில் மிருக வைத்தியக் கல்லூரி தொடங்கியபோதும், இலங்கையிலே 1947 ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மட்டத்தில் அக்கல்வி தொடங்கியபோதும் முன்னின்றவை மாடும் எருமையும் ஆடுமே. ஏர் இழுப்பதும் பால் தருவதும் போர்க்குப் போவதும் கல்விக்கு உரியவையாயின. பூனை பின்னே நின்றது. இலண்டனிலே ஆமில்டன் கேர்க் என்னும் மிருக வைத்தியர் பூனை நோய்களுக்கெனத் தனிநூல் வெளியிட்டது 1925 ஆம் ஆண்டிலேதான். கடுவன் பூனைக்கு நேரும் நீர்க்கட்டு அந்நூலிலே எடுத்துரைக்கப்பட்டது.

1947 ஆம் ஆண்டு பூனையின் வாழ்வில் ஒரு திருப்பம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வேட் லோ என்பார், நீரை உறிஞ்சும் உலர்ந்த களிமண் பருக்கைகளைப் பூனையின் மலசலப் பெட்டிக்கென விற்கத் தொடங்கினார். அதுவரை மணலும் சாம்பலும் இட்டு வந்த மக்களுக்கு அது வசதியாயிற்று. வெளியே திரிந்த பூனை வீட்டுக்குள்ளேயே வாழ்நாளைக் கழிக்கலாயிற்று. பெட்டிக்குட் கழிப்பதை வீட்டார் நாள்தோறும் கண்டமையால், முன்னர்ப் புதரில் மறைந்திருந்த நோயும் வெளிச்சத்துக்கு வந்தது.

அந்நோயின் காரணத்தைத் தேடிய வரலாறு, கலங்கிய நீர் சிறிது சிறிதாகத் தெளிந்த வரலாறு போன்றது. முதலிலே கிருமி என்றனர். 1970 ஆம் ஆண்டில் ‘பூனைச் சிறுநீர் நோய்த்தொகுதி’ என்று பொருள்படும் பெயரொன்றை இட்டனர். பின்னர் உலர்ந்த உணவிலுள்ள சாம்பற்சத்தே குற்றவாளி என்றனர். சிறுநீரிலே காணப்பட்ட பளிங்குகள் பெரும்பாலும் மக்னீசியம் அமோனியம் பொசுபேற்று ஆகும். 1845 ஆம் ஆண்டில் ஆம்பேர்க்கு நகரிலே மண்ணகழ்ந்தபோது கண்டெடுத்துப் பெயரிடப்பட்ட ஸ்துருவைற்று என்னும் கனிப்பொருளே அது. ஆகவே 1980 களில் உணவு செய்வோர் மக்னீசியத்தைக் குறைத்து, சிறுநீர் அமிலத்தன்மை அடையுமாறு உணவை மாற்றினர். அக்கற்கள் குறைந்தன. ஆனால் அமிலச் சிறுநீரில் வளரும் கல்சியம் ஒட்சலேற்றுக் கற்கள் பெருகலாயின. முன்னைய கல்லை உணவாற் கரைக்கலாம்; பின்னையதைக் கரைக்க முடியாது, அறுத்தே எடுத்தல் வேண்டும். ஒன்றைத் திருத்தப் புகுந்து மற்றொன்றைக் கெடுத்த கதை இது.

இதனினும் வியப்பானது பின்னர் வந்தது. சோதித்த பூனைகளுட் பாதிக்கு மேற்பட்டவற்றில் கிருமியுமில்லை, கல்லுமில்லை. எனினும் மூத்திரப்பை அழன்று இரத்தங் கசிந்தது. 1990 கள் முதலாக ஒகையோ அரச பல்கலைக்கழகத்திலே தோனி பபிங்ரன் என்பாரும் அவர்தம் துணைவரும் இதனை ஆராய்ந்தனர். மூத்திரப்பையின் உட்சுவர், நரம்புகள், மனக்கலக்கம் ஆகிய மூன்றும் பின்னிப் பிணைந்த நோய் இது என அவர்கள் கண்டனர். 2011 ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், உணவுவேளை தவறுதல், பழகிய பராமரிப்பாளர் மாறுதல் முதலியன நேர்ந்தபோது நோயுற்ற பூனைகள் மட்டுமன்றி நலமுள்ள பூனைகளும் உண்ணாமை, வாந்தி, பெட்டிக்கு வெளியே கழித்தல் ஆகிய குறிகளைக் காட்டின. வாழிடத்தை ஒழுங்காக்கி, ஒளியவும் ஏறவும் இடங் கொடுத்து, வேளை தவறாது உணவளித்தபோது நோய்க்குறிகள் தணிந்தன. அடித்த அடியே நோயை வளர்த்திருக்கலாம் என்பது இதன் உட்கிடை. பாயை நனைத்த பூனையை அடிக்க, அது அஞ்ச, அச்சத்தால் மூத்திரப்பை மேலும் அழல, அது மீண்டும் பாயை நனைக்கின்றது. இவ்வட்டத்தை முறிக்க வேண்டியவர் மனிதரே.

இனி மூத்த பூனைக்கு வருவோம். மேற்கூறிய மனக்கலக்க நோய் பெரும்பாலும் இளமையிலும் நடுவயதிலும் வருவது. பத்து வயதைக் கடந்த பூனைக்கு அந்நோயே என்று முடிவு கட்டிவிடல் தவறு. அங்கே காரணம் வேறாக இருத்தல் கூடும். பதினைந்து வயதைக் கடந்த பூனைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்குச் சிறுநீரகத் தளர்ச்சி உண்டு. சிறுநீரகம் தளர்ந்தால் நீரைச் செறிவிக்கும் வன்மை போய்விடும். பூனை மிகக் குடிக்கும், மிகக் கழிக்கும். செறிவிழந்த சிறுநீரில் கிருமி எளிதில் தங்கும். நீரிழிவும் அவ்வாறே. 1979 ஆம் ஆண்டில் முதன்முதலாக எடுத்துரைக்கப்பட்ட தைரொயிட்டு மிகைச்சுரப்பும் முதுபூனைக்கு உரிய நோய். கற்களும் கட்டிகளும் இல்லாமற் போவதில்லை. இவற்றுக்கு மேலாக மூட்டுத்தேய்வு. 2002 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் கதிர்ப்படங்களை நோக்கியபோது, அவற்றுள் 90 இல் மூட்டுத்தேய்வு காணப்பட்டது. படலையைத் தாண்டி மணலுக்குப் போக இயலாத பூனை, கிட்டக் கிடக்கும் பாயையே நாடும். அதற்கு மூத்திரப்பையில் நோயே இல்லாமலும் இருக்கலாம்; நோய் முழங்காலில் இருக்கலாம்.

வீட்டார் இவற்றை வேறு பிரித்தறிய ஓரளவு வழியுண்டு. பூனை அடிக்கடி குந்தி, ஒவ்வொரு முறையும் சொட்டுச் சொட்டாகக் கழித்து, கத்தி, குறியை நக்கிக்கொண்டிருந்தால் கேடு மூத்திரப்பையிலும் நீர்த்தாரையிலும் உள்ளது. பெருகப் பெருகக் கழித்து, சட்டியிலுள்ள நீரையெல்லாம் குடித்து, மெலிந்துவந்தால் கேடு சிறுநீரகத்திலோ, நீரிழிவிலோ, சுரப்பியிலோ தேடத்தக்கது. அளவு வழக்கம்போலவே இருக்க, இடம் மட்டும் மாறியிருந்தால் காலையும் கண்ணையும் மனத்தையும் நோக்குக. மணற்பெட்டியில் நனைந்த இடங்களின் எண்ணிக்கையையும் பருமனையும் நாலு நாள் குறித்து வைத்துக்கொண்டு மிருக வைத்தியரிடஞ் சென்றால், அவர் வேலை பாதி எளிதாகும். சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்தே அவர் முடிவு கூறுவார். சோதியாமற் கிருமிக்கொல்லி மருந்தைக் கேட்டு வாங்குதல் பயனற்றது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை. கடுவன் பூனையின் நீர்த்தாரை நுனியில் மிக ஒடுங்கியது. மணல் போன்ற பளிங்கும் சளியும் சேர்ந்து அதனை அடைத்துவிடக்கூடும். குந்திக் குந்தி முக்கியும் ஒரு சொட்டும் வாராதிருந்தால், அதனை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் பருக்குவோர் உளர். அந்நேரம் உயிருக்கு விலையாகும். கழியாத நச்சுப்பொருள்களும் பொற்றாசியமும் இரத்தத்திற் பெருக, இதயந் தடுமாறி, இரண்டு மூன்று நாளில் பூனை இறந்துவிடும். வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயலுதலும் ஆகாது. புடைத்த மூத்திரப்பை கிழிந்துவிடலாம். இரவென்றும் விடுமுறையென்றும் பாராது வைத்தியரிடம் கொண்டு செல்லலே வழி. அவர் மயக்கமருந்து கொடுத்து மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பை நீக்குவார். மீண்டும் மீண்டும் அடைத்துக்கொள்ளும் கடுவனுக்கு நீர்த்தாரையின் வாயை அகலமாக்கும் சத்திரசிகிச்சையும் உண்டு. அதன் செம்மையான முறை 1971 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அகன்ற தாரை பெற்ற பெட்டைக்கு அடைப்பு நேர்தல் அரிது.

முன்சொன்ன மூலிகைகளைப் பூனைக்குக் கொடுக்கலாமா எனச் சிலர் கேட்பர். கொடுத்தல் ஆகாது என்பதே விடை. மனிதனுக்கு மருந்தாவது பூனைக்கு நஞ்சாதல் உண்டு. நம் ஈரல் எளிதில் மாற்றிக் கழிக்கும் பல பொருள்களைப் பூனையின் ஈரல் மாற்றவல்லதன்று. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பரசிற்றமோல் குளிசை ஒன்றே பூனையைக் கொல்லப் போதுமானது. வெங்காயமும் உள்ளியும் அதன் இரத்தத்தைக் கெடுப்பன; ஆகவே கறிக்குழம்பு பிசைந்த சோறும் அதற்கு நல்லுணவன்று. பாற்கடலை நக்கப் புகுந்த பூனையைக் கம்பர் பாடினார் எனினும், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. அது வயிற்றோட்டத்தைத் தந்து உடலின் நீரைக் குறைக்கும்.

எனின், வீட்டிலே செய்யத்தக்கது யாது? முதலாவது, நீர். மூத்த பூனையின் எந்த நீர்நோய்க்கும் அது பொதுத் துணை. எலியுணவோடு உடலுக்குட் புகுந்த நீரை நாம் வேறு வழியிற் புகுத்தல் வேண்டும். உப்பும் வெங்காயமும் சேராது அவித்த மீனை முள் நீக்கி, அவித்த நீரோடு கொடுத்தல் நம் கரையிலே எளிது. உலர்ந்த உணவே வழக்கமாயின் அதனை நனைத்துக் கொடுக்கலாம். சிறுநீரகந் தளர்ந்த பூனைக்குப் பொசுபரசு குறைந்த உணவை வைத்தியர் விதிப்பார். அங்கே மீனின் அளவையும் அவரே கூறல் வேண்டும். அகன்ற வாயுள்ள மண்சட்டிகளில், ஓரிடத்திலன்றி மூன்று நாலு இடங்களில், உணவுத் தட்டுக்குச் சற்று விலக்கி நீர் வைத்து, நாள்தோறும் மாற்றுக. மிகக் குடிக்கின்றதே என்று நீரை மறைத்தல் பெருந்தவறு. சிறுநீரகம் இழப்பதையே அது குடித்து ஈடுசெய்கின்றது.

நீரென்றதும் நம் கரையின் கிணறுகள் நினைவுக்கு வருகின்றன. மணலின் கீழே, உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும் மெல்லிய நன்னீர்ப் படையே எழுவான்கரையின் உயிர். 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது, கரையோரக் கிணறுகள் பல உவராயின. தேற்றாங்கொட்டை சேற்றைப் படிய வைக்கும், உப்பை நீக்காது. கிணறுகளை இறைத்துச் சேறகற்றியும், மழை பெய்து மணல் கழுவப்படும்வரை காத்திருந்துமே மக்கள் நன்னீரை மீண்டும் கண்டனர். எக்கலக்கத்துக்கு எது மருந்து என்று அறிந்து செய்தலே வைத்தியம் என்பதை அக்கிணறுகளும் நமக்குக் கற்பித்தன.

இரண்டாவது, மணல். தேற்றாத்தீவார்க்கு இதனை விலைகொடுத்து வாங்கவேண்டுவதில்லை. ஒரு பக்க விளிம்பைத் தாழ வெட்டிய அகன்ற தட்டிலே கழுவி உலர்த்திய மணலைப் பரப்பி, பூனை படுக்கும் அறைக்கு அருகே, நாய் வாராத மூலையில் வைத்தாற் போதும். நாளுக்கு இருமுறை அள்ளி அகற்றுக. பாயில் நேர்ந்த நாற்றத்தை அமோனியா மணமுள்ள திரவங்களாற் கழுவாதிருத்தல் நன்று. அம்மணம் சிறுநீரை ஒத்தது ஆதலின் பூனையை மீண்டும் அங்கே அழைக்கும்.

மூன்றாவது, அமைதி. வேளைக்கு உணவு, பழகிய படுக்கை, எட்டக்கூடிய உயரத்தில் ஓர் இருக்கை, ஒளிய ஒரு பெட்டி. புதிய குட்டியைக் கொணர்ந்தால் அதற்கு வேறு தட்டு, வேறு மணல். கலியாணமோ கோயிற்சடங்கோ வந்து வீடு நிறைந்திருக்கும் நாள்களில் மூத்த பூனைக்கு ஓர் அறையை ஒதுக்கிவிடலாம். இவையெல்லாம் செலவற்றவை.

இவ்வளவு செய்தும் முதுமையை எவராலும் மாற்ற இயலாது. தளர்ந்த சிறுநீரகம் மீளாது. ஒருநாள் உணவும் வேண்டாது, நீரும் வேண்டாது, நோவோடு சுருண்டு கிடக்கும் நிலை வரலாம். அப்போது நோவின்றி உயிரைப் போக்கலாமா என்னும் கேள்வியை வைத்தியரோடு கலந்து வீட்டார் முடிவு செய்வர். நம் சமயங்களும் மனமும் அதற்கு எளிதில் உடன்படுவதில்லை; அதில் ஒருவரை ஒருவர் பழித்தல் தகாது. ஆனால் சாக்கிலே கட்டி வாவிக்கப்பால் விடுதல் இவ்விரண்டினுள் எதுவுமன்று. அது முடிவெடுக்க அஞ்சி, கண்காணாத இடத்தில் வேறொருவர் கையில் அம்முடிவை எறிந்துவிட்டு வருதல்.

நெல்லைக் காத்த விலங்குக்கு நாம் பட்ட கடன், அதன் இறுதி இரண்டு மூன்று ஆண்டுகளில் சிறிது மணலும், சிறிது நீரும், கை ஓங்காத பொறுமையுமே. அன்பு என்னும் பெயரைச் சொன்னமாத்திரத்தால் கலங்கியது தெளியாது. கொட்டையைக் குடத்தில் தேய்த்தல் வேண்டும். தேற்றா மரத்தின் பெயரைத் தாங்கிய ஊரிலே, நாளைக் காலை ஒரு பாய் நனைந்திருக்குமாயின், வீட்டார் விளக்குமாற்றை எடுக்குமுன் பூனை எவ்வாறு குந்துகின்றது, எவ்வளவு கழிக்கின்றது, எத்தனை முறை நீர்ச்சட்டியை நாடுகின்றது என்று சற்றே நின்று நோக்குவாராக. அந்நோக்கிலிருந்தே தேற்றுதல் தொடங்குகின்றது.